உப்பு வெளியில் ஓடிய 'இந்தியன்'

'இந்தியன்' என்ற பெயரைத் தாங்கிய மோட்டார் சைக்கிள் ஒன்று உண்டு. பெயரைக் கேட்டவுடன் நம் நெஞ்சு சற்று நிமிர்வது இயல்பே. ஆனால் அவ்வண்டிக்கும் நம் நாட்டுக்கும் பிறப்பால் யாதொரு தொடர்பும் இல்லை. 1901-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், சைக்கிள் பந்தய வீரராயிருந்து சைக்கிள் உற்பத்தியாளராக மாறிய ஜார்ஜ் ஹெண்டி என்பவரும், இயந்திர நுட்பம் கைவரப் பெற்ற ஆஸ்கார் ஹெட்ஸ்ட்ராம் என்பவரும் கூடி உருவாக்கியது அது. அமெரிக்க மண்ணின் பழங்குடி மக்களைக் குறித்த சொல்லே வண்டிக்குப் பெயராயிற்று. இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு வேறொரு கரையில் இறங்கிய கொலம்பஸின் பிழை, நானூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெட்ரோல் தொட்டியின் மேல் வந்து அமர்ந்தது எனலாம்.

அவ்வண்டி விரைவிலேயே புகழ் பெற்றது. 1911-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டையடுத்த மான் தீவில் நடைபெற்ற சீனியர் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் 'இந்தியன்' வண்டிகளே கைப்பற்றின. அம்மூவருள் இரண்டாமவராக வந்த அயர்லாந்துக்காரர் சார்லஸ் ஃபிராங்க்ளின், பின்னர் அந்நிறுவனத்திலேயே சேர்ந்து, 'ஸ்கவுட்' என்னும் வண்டியை வடிவமைத்தார். 1920-இல் விற்பனைக்கு வந்த அந்த ஸ்கவுட், 600 சி.சி. கொள்ளளவும் இரட்டைச் சிலிண்டரும் உடையது. மணிக்கு 55 மைல் ஓடக்கூடியது. அன்றைய சாலைகளுக்கு அது போதும். சற்று மிகுதி என்றும் சொல்லலாம்.

அவ்வாறு 1920-இல் வெளிவந்த ஸ்கவுட் ஒன்றை, உலகின் தென்கோடியில், நியூசிலாந்தின் இன்வர்கார்கில் நகரத்து இளைஞர் ஒருவர் வாங்கினார். அவர் பெயர் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்ரோ. பர்ட் மன்ரோ என்றே உலகம் அவரை அறியும். 1899-இல் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1967-இல், அதே வண்டியின் மேல் படுத்தபடி அமெரிக்காவின் உப்பு வெளியில் அவர் மணிக்கு 184 மைல் வேகத்தை எட்டினார். அப்போது அவருக்கு வயது 68.

இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டே மோட்டார் சைக்கிள் அன்பர்கள் மணிக்கணக்காகப் பேசுவர். தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும், விடுமுறை நாட்களில் தம் வண்டிகளைத் துடைத்துப் பளபளப்பாக்கிக் கூட்டமாகக் கூடும் இளைஞர்களிடம் மன்ரோவின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அறிமுகமில்லாதவரும் அரை நொடியில் உறவினராகிவிடுவர்.

ஆயினும் இதில் ஆராயத்தக்க புதிர் ஒன்று உள்ளது. மன்ரோ எட்டிய வேகம் அக்காலத்து உலகச் சாதனை அன்று. அதற்கு நெடுநாள் முன்பே அந்த எல்லையைப் பலர் கடந்துவிட்டனர். வரிசையைச் சற்றே பார்ப்போம். 1907-இல், பின்னாளில் விமானத் துறையில் பெரும்புகழ் எய்திய கிளென் கர்ட்டிஸ், எட்டுச் சிலிண்டர் எஞ்சினை ஒரு சைக்கிள் சட்டத்தில் ஏற்றி ஃப்ளாரிடாவின் கடற்கரை மணலில் மணிக்கு 136 மைல் ஓடினார். ரைட் சகோதரர்களின் விமானம் பறந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அந்த ஓட்டம் முறைப்படி பதிவு செய்யப்பெறவில்லை. வண்டி மட்டும் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. 1937-இல் ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஹென்னே, பி.எம்.டபிள்யூ. வண்டியில் மணிக்கு 279 கிலோமீட்டர், அதாவது 173 மைலுக்கு மேல் சென்றார். அச்சாதனை பதினான்கு ஆண்டுகள் நிலைத்தது. 1951-இல் அதனை முறியடித்த வில்ஹெல்ம் ஹெர்ட்ஸும் ஜெர்மானியரே. 1955-இல் ரஸ்ஸல் ரைட் என்பவர் வின்சென்ட் வண்டியில் 184 மைலைக் கடந்து உலகச் சாதனை நிறுவினார். அவர் நியூசிலாந்துக்காரர், ஓடிய இடமும் நியூசிலாந்தில் ஒரு நாட்டுப்புறச் சாலை. அடுத்த ஆண்டே ஹெர்ட்ஸ் 210 மைலைத் தாண்டினார். 1966-இல் அமெரிக்கர் பாப் லெப்பன் 245 மைலையும் தாண்டிவிட்டார்.

ஆக, மன்ரோ 184 மைல் ஓடியபோது, உலகின் உச்ச வேகம் அவரைவிட அறுபது மைல் முன்னே நின்றது. அவருடையது 1,000 சி.சி.க்கு உட்பட்ட வண்டிகளின் வகுப்பில் ஒரு சாதனை, அவ்வளவே. இருந்தும், ஹெர்ட்ஸின் பெயரை அறிந்தவர் இன்று எத்தனை பேர்? லெப்பனை அறிந்தவர் எத்தனை பேர்? எண் பெரிதாயிருந்தால்தான் புகழ் பெரிதாகும் என்பது உண்மையானால் மன்ரோ மறக்கப்பட்டிருக்க வேண்டும். அவர் மறக்கப்படவில்லை. காரணத்தை அறிய அவருடைய கொட்டகைக்குள் நுழைய வேண்டும்.

மன்ரோ மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும் பழுது பார்ப்பவராகவும் வேலை செய்தவர். 1926-ஆம் ஆண்டு முதல் தம் ஸ்கவுட்டைப் பிரித்து மாற்றி அமைக்கத் தொடங்கினார். பகலில் பிறர் வண்டிகள். இரவில் தம் வண்டி. பணம் இல்லை. ஆகையால் வேண்டிய உறுப்புகளைத் தாமே செய்துகொண்டார். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்து உலோகத்தை உருக்கி ஊற்றிப் பிஸ்டன்களை வார்த்தார். இரும்புக் குழாயிலிருந்து சிலிண்டர்களைக் கடைந்தெடுத்தார். டிராக்டர் அச்சின் எஃகைக் கையால் அறுத்தும் அராவியும் கனெக்டிங் ராடுகள் செய்தார். நுண்ணளவு பார்க்கும் கருவி வாங்க வழியில்லாதபோது, பழைய சக்கரக் கம்பியைக் கொண்டே ஓர் அளவுகோல் அமைத்துக்கொண்டார் என்பர். நம் ஊர்ப் பட்டறைகளைக் கண்டவர்க்கு இதெல்லாம் அயலாகத் தோன்றாது. கோயம்புத்தூரிலும் லூதியானாவிலும் இத்தகைய கைகள் உண்டு.

இங்கே சிறிது கணக்கும் பார்க்க வேண்டும். இல்லையேல் அவ்வுழைப்பின் அருமை விளங்காது. வண்டி விரைந்தோடும்போது அதற்குப் பெரும்பகை காற்றே. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவையான எஞ்சின் ஆற்றலோ எட்டு மடங்காகும். 55 மைல் வேகத்தை 184 மைலாக உயர்த்துவதென்றால், வண்டியின் வடிவம் மாறாதிருப்பின், முப்பத்தேழு மடங்குக்கு மேல் ஆற்றல் வேண்டும். எந்த எஞ்சினிலிருந்தும் அதைப் பிழிந்தெடுக்க இயலாது. ஆகவே இரு முனையிலும் போராட வேண்டியதாயிற்று. ஒருபுறம் எஞ்சினின் கொள்ளளவை 600 சி.சி.யிலிருந்து 950 சி.சி. அளவுக்குப் பெருக்கினார்; மறுபுறம், காற்று வழுக்கிச் செல்லும்படி நீண்ட கூடு ஒன்றை அமைத்து, அதனுள் வண்டியையும் தம்மையும் மறைத்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார இடமில்லை. வயிறு பெட்ரோல் தொட்டியின் மேல் படியக் குப்புறப் படுத்தே ஓட்ட வேண்டும்.

ஓர் எஞ்சினை அதன் இயல்புக்கு மேல் வருத்தினால் அது உடையும். மன்ரோவின் எஞ்சினும் உடைந்தது, பலமுறை உடைந்தது. பிஸ்டன்கள் உருகின, ராடுகள் முறிந்தன. உடைந்தவற்றை அவர் எறிந்துவிடவில்லை. கொட்டகைச் சுவரில் ஒரு தட்டு அமைத்து, அதில் வரிசையாக வைத்து, 'வேக தெய்வத்திற்குப் படையல்' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். வேடிக்கையாகச் செய்ததுதான். நாம் ஆயுத பூசையன்று ஓடுகிற இயந்திரத்துக்குப் பொட்டிட்டுப் பூச்சூட்டுகிறோம். அவரோ ஓடாமற்போனதைப் படைத்தார். எனக்கென்னவோ அவர் முறையிலும் ஒரு நியாயம் இருப்பதாகவே படுகிறது. பட்டறைக்காரனுக்கு எதையேனும் கற்பிப்பது முறிந்த உறுப்பேயன்றி முழு உறுப்பன்று.

இன்வர்கார்கிலை அடுத்து ஓரெட்டி என்னும் நீண்ட கடற்கரை உள்ளது. நீர் வடிந்த வேளைகளில் மணல் கெட்டியாகி நல்ல ஓடுதளமாகிவிடும். மன்ரோ தம் வண்டியைச் சோதித்தது பெரும்பாலும் அங்கேதான். நியூசிலாந்துச் சாதனைகளை 1938 முதற்கொண்டு ஒவ்வொன்றாக நிறுவிவந்த அவர், 1957-இல் அக்கடற்கரையில் மணிக்கு 131 மைல் ஓடினார். அதற்குமேல் ஓட அங்கே இடம் போதவில்லை. ஆகவே அவருடைய கண் போனவில் மீது விழுந்தது.

போனவில் என்பது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள உப்புச் சமவெளி. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே பரந்து கிடந்த பேரேரி ஒன்று வற்றிப்போய் விட்டுச்சென்ற படிவு அது. குளிர்காலத்தில் நீர் தேங்கும். கோடையில் அந்நீர் ஆவியாகி, வெண்பலகை விரித்தாற்போல் உப்பு இறுகிச் சமமாகக் காயும். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை ஒரு மரமில்லை, மேடில்லை. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல் இருப்பதால் காற்றும் சற்று மெலிந்திருக்கும். 1949 முதல் ஆகஸ்டு மாதத்தில் அங்கே 'வேக வாரம்' கூடிவருகிறது. சாதனை நிறுவ விரும்புவோர் ஒரு திசையில் ஓடினால் மட்டும் போதாது. திரும்பி எதிர்த்திசையிலும் ஓட வேண்டும். இரண்டின் சராசரியே கணக்கில் கொள்ளப்படும். காற்று முதுகைத் தள்ளிப் பெற்ற வேகம், திரும்பி வரும்போது முகத்தில் அறைந்து ஈடுகட்டப்படும். எளிய விதி, நேர்மையான விதி.

அவ்வுப்பு வெளியில் மன்ரோவுக்கு முன்னரே நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்குச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1948-ஆம் ஆண்டு செப்டம்பர் 13. ரோலி ஃப்ரீ என்னும் அமெரிக்கர், வின்சென்ட் வண்டியொன்றில் 150 மைல் ஓட முயன்றார். சில மைல்கள் குறைந்தன. அணிந்திருந்த தோலாடை காற்றில் கிழிந்து தொங்கி வேகத்தைத் தடுத்தது. அவர் அதைக் கழற்றி எறிந்தார். குளியல் கால்சட்டையும் குளியல் தொப்பியும் கான்வாஸ் காலணியும் தவிர வேறேதுமின்றி, வண்டியின் மேல் நீட்டிப் படுத்து, கால்களைப் பின்புறம் நேராக நீட்டியவாறு மீண்டும் ஓடினார். 150.313 மைல்! அருகே சென்றுகொண்டிருந்த காரிலிருந்து எடுக்கப்பட்ட அப்படம், மோட்டார் சைக்கிள் வரலாற்றில் மிகுதியாகக் காணப்பட்ட படங்களுள் ஒன்று. விழுந்திருந்தால் உப்பு அவர் உடலைச் சீவியிருக்கும் என்பதையும் அப்படத்தைப் பார்த்து மகிழ்வோர் நினைத்துப் பார்ப்பது நன்று. இதே ரோலி ஃப்ரீ பின்னர் மன்ரோவுக்கு நண்பராகிப் போனவிலில் துணைநின்றார்.

1957-இல் மன்ரோ போனவிலுக்கு முதன்முறை சென்றது பார்வையாளராகத்தான். 1962-இல் தம் வண்டியுடன் சென்றார். இடையில் நெஞ்சுவலி கண்டு மருத்துவர் எச்சரித்தும் இருந்தார், கேட்கவில்லை. அவ்வாண்டு 883 சி.சி. வகுப்பில் ஏறத்தாழ 179 மைல் வேகத்தில் சாதனை நிறுவினார். 1966-இல் 168 மைலுடன் மற்றொரு வகுப்பில் ஒரு சாதனை. 1967-இல்தான் நாம் முன்பு கூறிய ஓட்டம். அதற்குமுன் தகுதிக்கான ஓட்டத்தில், ஒரு திசையில் மட்டும், 190 மைலைத் தொட்டார். 'இந்தியன்' வண்டிகளில் அதுவரை முறைப்படி அளந்து பதிவு செய்யப்பட்ட உச்ச வேகம் அது. இப்படங்களை மனத்தில் கொள்ளும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 184 மைல் வேகத்தில் ஒரு மைலைக் கடக்க இருபது நொடி கூட ஆகாது. அந்த இருபது நொடிக்காக அவர் செலவிட்டவை நாற்பது ஆண்டுகள்.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். மோட்டார் சைக்கிளையும் சினிமாவையும் பிரிக்க இயலாது. இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றியவை, இரண்டுக்கும் அசைவே உயிர். ஆனால் சினிமா நெடுங்காலம் மோட்டார் சைக்கிள்காரனை முரடனாகவே காட்டிவந்தது. 1953-இல் மார்லன் பிராண்டோ நடித்த 'தி வைல்ட் ஒன்' படத்தை, இளைஞர் கெட்டுவிடுவர் என்று அஞ்சி, பிரிட்டிஷ் தணிக்கையாளர் 1967 வரை அனுமதிக்கவே இல்லை. 1963-இல் வந்த 'தி கிரேட் எஸ்கேப்' வேறு வகை. போர்க் கைதியான ஸ்டீவ் மெக்வீன், முள்வேலியைத் தாண்டி வண்டியோடு எழும்பும் காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறவார். அத்தாவலைச் செய்தவர் மெக்வீன் அல்லர். அவருடைய நண்பர் பட் ஈக்கின்ஸ். மெக்வீனும் வெறும் வேடதாரி அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; மறு ஆண்டே கிழக்கு ஜெர்மனியில் நடந்த ஆறு நாள் பந்தயத்தில் அமெரிக்காவின் சார்பில் உண்மையாகவே ஓட்டியவர் அவர். 1971-இல் புரூஸ் பிரவுன் எடுத்த 'ஆன் எனி சண்டே' என்னும் செய்திப்படம், அதே மெக்வீனின் பொருளுதவியால் உருவானது. ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் ஓட்டும் குடும்பத்தலைவர்களையும் தொழிலாளர்களையும் அது காட்டியது. முரடன் என்ற பட்டம் பெருமளவு கழன்று விழுந்தது அப்போதுதான்.

அதே 1971-இல், ரோஜர் டொனால்ட்சன் என்னும் இளைஞர் நியூசிலாந்திலிருந்து மன்ரோவுடன் போனவில் சென்று ஒரு செய்திப்படம் எடுத்தார். 'வேக தெய்வத்திற்குப் படையல்' என்ற அந்தக் கொட்டகை வாசகமே படத்தின் பெயராயிற்று. டொனால்ட்சன் பின்னர் அமெரிக்கா சென்று பெரிய படங்களை இயக்கினார். ஆயினும் கிழவர் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2005-இல், அந்தோனி ஹாப்கின்ஸை மன்ரோவாக நடிக்கவைத்து 'உலகின் அதிவேக இந்தியன்' என்று பொருள்படும் தலைப்பில் முழுநீளப் படம் எடுத்தார். மன்ரோ இறந்து அப்போது இருபத்தேழு ஆண்டுகளாகியிருந்தன. அப்பெயரைச் சுவரொட்டியில் கண்டு, நம்மவர் ஓட்டப்பந்தய வீரர் எவரையோ பற்றிய கதை என்று எண்ணித் திரையரங்கினுள் நுழைந்தோரும் இருக்கக்கூடும்!

படம் இனியது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது வரலாறு அன்று. மன்ரோ ஒன்பது முறை போனவிலில் ஓட்டினார். படமோ அவற்றையெல்லாம் ஒரே பயணமாகச் சுருக்கிவிடுகிறது. முதல் வருகையிலேயே 200 மைலுக்கு மேல் ஓடிச் சாதனை நிறுவுவதாகக் காட்டுகிறது. அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் உண்டு. படத்து மன்ரோ, அண்டை வீட்டுச் சிறுவனைத் தவிர உற்ற துணை இல்லாத தனிக்கிழவர். உண்மை மன்ரோ மணமானவர். நான்கு மக்களுக்குத் தந்தை. 1940-களின் பிற்பகுதியில் குடும்பம் பிரிந்தது. அவர் வேலையையும் விட்டுவிட்டுக் கொட்டகையிலேயே குடியேறினார். இரவெல்லாம் எஞ்சினோடு கழித்த ஒருவரின் வீட்டில் மற்றவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைத் திரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ரசிகர் இவ்வளவு எளிதாக அவரை நேசித்திருப்பார்களா என்பது ஐயமே. கலைஞனுக்கும் ஞானிக்கும் நாம் வழங்கும் மன்னிப்பை இவருக்கும் வழங்குகிறோம். வழங்கும்போது, விலை கொடுத்தவர் அவர் மட்டும் அல்லர் என்பதை அறிந்து வழங்க வேண்டும் என்பதே என் கருத்து.

விலை என்றதும் மற்றொரு படம் நினைவுக்கு வருகிறது. 1962-இல் டேவிட் லீன் இயக்கிய 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' பாலைவனத்தில் தொடங்கவில்லை. ஆங்கில நாட்டுக் கிராமச் சாலையில் ஒரு மோட்டார் சைக்கிளில் தொடங்குகிறது. லாரன்ஸ், ப்ரஃப் சுப்பீரியர் என்னும் விலையுயர்ந்த வண்டிகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வாங்கியவர். பிரிட்டிஷ் விமானப்படையில் வேறு பெயரில் சாதாரணப் பணியாளாகச் சேர்ந்து, 1927-இலும் 1928-இலும் கராச்சியிலும் வடமேற்கு எல்லையில் மீரான்ஷாவிலும் பணிபுரிந்தவர். 1935 மே மாதம் 13-ஆம் நாள், எதிர்ப்பட்ட இரு சைக்கிள் சிறுவர்களுக்காக விலகியபோது தூக்கியெறியப்பட்டார். ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மாண்டார். தலையில் கவசம் இல்லை. அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஹியூ கேர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர் ஒருவர். அந்தச் சாவு அவர் மனத்தில் தைத்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரில், பிரிட்டிஷ் ராணுவத்தில் செய்தி கொண்டுசெல்லும் வண்டியோட்டிகள் அனைவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று உத்தரவாயிற்று. நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு கூறுவதும், போலீஸ்காரர் சாலைமுனையில் நிறுத்திக் கேட்பதும், சுற்றிச் சுற்றி அந்த ஆங்கிலக் கிராமச் சாலைக்கே செல்லும்.

போனவிலில் எதிரே சைக்கிள் வராது, மாடு குறுக்கிடாது. நேரம் அளப்போரும் மருத்துவ வண்டியும் காத்திருப்பர். அங்கே ஓடுவதும் நெடுஞ்சாலையில் நள்ளிரவில் ஓடுவதும் ஒரே வீரம் என்று எண்ணுகிற இளைஞர் சிலர் உள்ளனர். ஜோத்பூரிலிருந்து பாலிக்குச் செல்லும் சாலையோரத்தில், விபத்தில் மாண்ட இளைஞர் ஒருவர் ஓட்டிய புல்லட் வண்டியே கண்ணாடிக்குள் வைத்து வழிபடப்படுகிறது. ராஜஸ்தானில் வாழும் நம்மவர் அதைக் கண்டிருப்பர். கடந்து செல்வோர் மாலையிட்டு, பத்திரமாகப் போய்ச் சேர வேண்டிக்கொள்கின்றனர். வேக தெய்வத்துக்கு இப்படியும் ஒரு படையல்.

புல்லட் என்றதும் நமக்குரிய ஒரு செய்தியைச் சொல்லிவிடலாம். ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையில் 'இந்தியன்' உற்பத்தி 1953-இல் நின்றது. பெயருக்கு மட்டும் மதிப்பிருந்தது. ஆகவே 1950-களின் பிற்பாதியில், இங்கிலாந்தில் செய்யப்பட்ட ராயல் என்ஃபீல்டு வண்டிகளுக்கு 'இந்தியன்' என்று பெயரிட்டு அமெரிக்காவில் விற்றார்கள். அதே ஆண்டுகளில்தான் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் புல்லட் வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. இந்தியாவைக் காணாத வண்டிக்கு அங்கே இந்தியன் என்று பெயர். இந்தியாவில் பிறந்த வண்டிக்கு இங்கே ஆங்கிலப் பெயர்! பஞ்சாபின் வயல்களிலும் லடாக்கின் மலைப்பாதைகளிலும் அந்தப் புல்லட்டின் ஒலியைக் கேட்கும் தமிழர்க்கு அது ஊர்ப்பேச்சைப் போல் இருக்குமானால் வியப்பில்லை. சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் ஆண்டுதோறும் நடந்த பந்தயங்களைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்கோ அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

மன்ரோவின் கதையில் இன்னும் ஒரு பக்கம் மீந்திருக்கிறது. 1967-இல் அவருடைய சராசரி வேகம் மணிக்கு 183.59 மைல் என்றே ஏட்டில் பதிவாகியிருந்தது. அவர் இருந்தவரை அதுவே கணக்கு. பல ஆண்டுகள் கழித்து அவருடைய மகன் ஜான், அக்கணக்கில் பிழை இருப்பதைக் கண்டு அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்துக்கு எழுதினார். சங்கம் ஏட்டைப் புரட்டிப் பார்த்தது, பிழையை ஏற்றது. 2014-இல், தந்தை மறைந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், சாதனை 184.087 மைல் என்று திருத்தப்பட்டது. அரை மைல் வேறுபாடு. திரைப்படம் இருபது மைலை எளிதாகக் கூட்டிக்கொண்டது. மகன் அரை மைலுக்காக ஏட்டைத் திருத்தினார்.

அந்த 2014-இலேயே, மழைநீர் தேங்கியதால் போனவிலின் வேக வாரம் நடைபெறவில்லை. மறு ஆண்டும் நடைபெறவில்லை. உப்புப் படிவு ஆண்டுக்காண்டு மெலிந்து வருவதாக ஓட்டுவோர் முறையிடுகின்றனர். அருகே பொட்டாசு உரத்துக்காக உப்பு நீர் எடுக்கப்படுவதைச் சிலர் காரணமாகக் கூறுகின்றனர். எடுத்த உப்பைத் திருப்பி விடும் முயற்சியும் நடந்துள்ளது.

மன்ரோவுக்கு 1977-இல் பக்கவாதம் கண்டது. இனி ஓட்ட இயலாது என்று தெரிந்ததும், தம் வண்டிகள் ஊரைவிட்டுப் போகக் கூடாதென்று விரும்பி, உள்ளூர் வணிகர் ஹேயஸ் என்பவரிடம் அவற்றை விற்றார். 1978 ஜனவரி 6-ஆம் நாள் இறந்தார். இன்வர்கார்கில் கடைத்தெருவில் ஹேயஸ் குடும்பத்தாரின் இரும்புச் சாமான் கடையில், ஆணியும் திருகும் வண்ணப் பூச்சும் விற்கும் இடத்துக்கு நடுவே அவருடைய வண்டி வைக்கப்பட்டுள்ளது. திரைப்படம் வெளிவந்த மறு ஆண்டு, 2006 முதல், அவர் பெயரில் அம்மாவட்டத்தில் பந்தயங்கள் நடத்தப்பட்டு வருகின்றன. வெளிநாடுகளிலிருந்தும் அன்பர்கள் வருகின்றனர். ஓட்டங்களுள் ஒன்று ஓரெட்டி கடற்கரையில். அதற்கு மட்டும் நீர் வடியும் நேரத்தைப் பார்த்தே நேரம் குறிக்க வேண்டியிருக்கிறது.